மின்தந்தியில் கமகம்
(பொன்முடியில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்லாற்றைக் கடந்து, 22 கொண்டையூசி வளைவுகளில் ஏறி, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பொன்முடியில் சங்கீதத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும் என்று பணித்த அறங்காவலர்கள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பை என்னிடமே விட்டுவிட்டார்கள். தியாகராஜ ஸ்வாமிகளைப் பற்றியோ ஸ்வாதித் திருநாள் மகாராஜாவைப் பற்றியோ பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் இயல்பே. நான் பேசப் புகுவதோ ஒரு ராக் கித்தார் கலைஞரைப் பற்றி. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் பயின்று, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைக் கல்லூரியில் ஜாஸ் இசையும் மேனாட்டுச் சாஸ்திரீய இசையமைப்பும் கற்றுத் தேர்ந்த ஆர். பிரசன்னா அவர்களே அக்கலைஞர்.

ராக் இசை என்ற மாத்திரத்தில் முகம் சுளிக்கும் பெரியவர்களும், ராக ஆலாபனை என்ற மாத்திரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கும் இளைஞர்களும் இந்த அவையில் ஒருங்கே அமர்ந்திருக்கிறீர்கள் என்பதை அறிவேன். இரு சாராருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றே. ஓர் அயல் வாத்தியம் நம் சங்கீதத்தில் இடம் பெறுவது சபாக்கள் அனுமதி கொடுப்பதனால் நேர்வதில்லை. யாரேனும் ஒருவருடைய கை அதற்காகப் பல்லாண்டு அப்பியாசம் செய்வதனால் நேர்கிறது. அங்ஙனம் அப்பியாசம் செய்த கை, தான் முன்னே பழகிய ராக் இசையைத் துறக்க வேண்டிய அவசியமும் இல்லை. இவ்விரண்டுக்கும் பிரசன்னாவின் இசை வாழ்வு சாட்சியாக நிற்கிறது.

ஸ்வாதித் திருநாள் சபையில் ஒரு பிடில்

அயல் வாத்தியத்தை வரவேற்ற கதையைத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு வெளியூரான் வந்து சொல்ல வேண்டியதில்லை. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பியாராகிய பாலுஸ்வாமி தீக்ஷிதர், குடும்பத்தோடு சென்னையை அடுத்த மணலியில் தங்கியிருந்த காலத்தில் பிடில் என்னும் ஐரோப்பிய வாத்தியத்தைக் கற்று, அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கினார். பின்னர், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலு அவ்வாத்தியத்தில் அடைந்த தேர்ச்சியைக் கண்டு வியந்த ஸ்வாதித் திருநாள் மகாராஜா, 1834-ஆம் ஆண்டில் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றை அவருக்குப் பரிசாக அளித்தார் என்பது திருவனந்தபுரத்தின் சங்கீத சரித்திரத்தில் அழியாத செய்தி. இன்று பிடில் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி காண்பது அரிது. அது கடல் கடந்து வந்தது என்ற நினைவே நம்மில் பலருக்கு இல்லை.

அந்த வாத்தியத்தில் நம்மவர்கள் எதை மாற்றினார்கள் என்று பார்த்தால், மரத்தை மாற்றவில்லை, வில்லை மாற்றவில்லை. நின்றுகொண்டு மோவாய்க்கட்டையின் கீழ் இடுக்கி வாசிக்கும் முறையை விட்டுச் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். வாத்தியத்தின் தலையைக் காலின்மேல் தாங்கினார்கள். தந்திகளைச் சட்ஜ பஞ்சமங்களுக்குக் கூட்டினார்கள். இடக்கை விரல்கள் ஸ்வரங்களின் மேல் குதித்துச் செல்லாமல் வழுக்கிச் செல்லுமாறு பழக்கினார்கள். எனவே மாறியது பெரும்பாலும் மனிதருடைய கையே. ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டிலும், கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனிலும், உ. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினிலும் பிற்காலத்தில் செய்து காட்டியது இதே காரியந்தான்.

ஆனால் பிடிலுக்கும் கித்தாருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பிடிலின் கழுத்தில் மெட்டுக்கள் கிடையா. விரல் தடையின்றி வழுக்கலாம். கித்தாரின் கழுத்திலோ உலோக மெட்டுக்கள் அரைஸ்வர இடைவெளிக்கு ஒன்றாக இறுகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஸ்வரத்தை அசைத்து, வளைத்து, தொட்டும் தொடாமலும் காட்ட வேண்டிய நம் கமகத்துக்கு அம்மெட்டுக்கள் வேலிகளாகவே தோன்றும். அதனால்தான், கித்தாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்க இயலாது என்ற அபிப்பிராயம் நெடுங்காலம் நிலவிற்று.

மின்கித்தாரும் ஹெண்ட்ரிக்ஸும்

அந்த அபிப்பிராயத்தை அசைத்தது, பெரியவர்கள் எதைக் கண்டு முகம் சுளிக்கிறார்களோ அந்த மின்கித்தாரே. மரக் கித்தாரில் ஒரு தந்தியை மீட்டினால் அந்த நாதம் பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும். நீண்ட கார்வைக்கு அதில் இடமில்லை. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான மின்கித்தாரில், எஃகுத் தந்தியின் அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் வைக்கப்பட்டன. தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைந்து, சுருளில் மெல்லிய மின்னோட்டம் எழுகிறது. அதை ஒலிபெருக்கி பன்மடங்கு ஆக்குகிறது. அவ்வொலிபெருக்கியை அதன் தாங்கும் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலியலையின் உச்சிகள் மழுங்கி, வலிய ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் இடையிலுள்ள பேதம் குறைந்துவிடுகிறது. அதன் பயனாக, மீட்டிய ஸ்வரம் உடனே தேயாமல் நாகஸ்வரத்தின் ஊதல்போல் நின்று ஒலிக்கிறது. ராக் இசையின் கரகரப்பு என்று நாம் ஒதுக்குவதும், கார்வை என்று நாம் போற்றுவதும் அக்கருவியில் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

இந்தச் சக்தியை முற்றும் உணர்ந்து கையாண்டவர்களுள் தலைசிறந்தவர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1942-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் சியாட்டில் நகரில் வறிய கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்த அவர், இளமையிலேயே தாயை இழந்தார். பட்டாளத்தில் சிறிது காலம் இருந்தார். பிறகு பெயர்பெற்ற பாடகர்களுக்குப் பின்னால் நின்று கித்தார் வாசித்துப் பிழைத்தார். 1966-இல் லண்டனுக்குச் சென்றபின் உலகப் புகழ் பெற்றார். இடக்கைப் பழக்கமுள்ள அவர், வலக்கைக்காரர்களுக்காகச் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவின் இறுதிக் காலையில் அமெரிக்க தேசிய கீதத்தை ஒற்றைக் கித்தாரில் அவர் வாசித்தபோது, வியட்நாம் போரின் குண்டுகளையும் ஓலத்தையும் அதில் கேட்டதாகச் சொன்னவர்கள் பலர். மறு ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் லண்டனில் 27 வயதில் காலமானார். தம் வாழ்நாளில் அவர் வெளியிட்ட ஸ்டூடியோ இசைத்தொகுதிகள் மூன்றே. அவற்றுள் இறுதியானது 1968-இல் வந்த 'எலக்ட்ரிக் லேடிலேண்ட்'. தந்தியை இழுத்து ஸ்வரத்தை வளைப்பதும், வளைத்த ஸ்வரத்தை அதிரவிட்டு நிறுத்துவதும் அவருடைய வாசிப்பின் உயிர் நிலையாகும். அவர் கமகம் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆயினும் அவருடைய விரல்கள் அதற்கு அயலாக இருக்கவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து பாஸ்டன் வரை

தமிழ்நாட்டில் கித்தார் என்பது நெடுங்காலம் சினிமா இசைக்குழுவின் வாத்தியமாகவே அறியப்பட்டது. இளையராஜாவே முறையாகக் கித்தார் பயின்றவர். அவருடைய குழுவில் சதானந்தமும் ஆர். சந்திரசேகரும் வாசித்த கித்தார், வாசித்தவர்களின் பெயர் தெரியாத கோடிக்கணக்கான மக்களின் காதுகளில் புகுந்தது. 1982-இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டிலுள்ள கித்தாரை வாசித்துப் பார்க்காத கித்தார் மாணவன் அக்காலத்தில் இருந்திருக்க மாட்டான். சாஸ்திரீய மேடையிலோ, 1980-களில் சுகுமார் பிரசாத் என்னும் இளைஞர் மின்கித்தாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டினார். வழியை முதலில் வெட்டியவர்களுள் ஒருவர் என்ற பெருமை அவரைச் சேர வேண்டியது; பிரசன்னாவைப் புகழ்வதற்காக அவரை மறந்துவிடுதல் நியாயமாகாது.

இத்தகைய சூழ்நிலையில் வளர்ந்த பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தார். கிண்டி வனத்தை ஒட்டிய அவ்வளாகத்தில் மான்கள் மேயும் மரநிழலும் உண்டு, இரவெல்லாம் ஒலிபெருக்கி முழங்கும் ராக் மேடையும் உண்டு. இன்று 'சாரங்' என்று வழங்கும் அதன் ஆண்டு விழாவுக்கு அந்நாளில் 'மார்டி கிரா' என்று பெயர். நாடெங்கிலுமிருந்து கல்லூரி ராக் குழுக்கள் அதில் போட்டியிட வரும். அம்மேடைகளில் ராக் கித்தார் வாசித்துப் பெயர் பெற்ற அதே மாணவர், மற்றொரு புறம் திருவாரூர் பாலசுப்பிரமணியத்திடமும் பிடில் மேதை அ. கன்யாகுமரியிடமும் குருகுல மரியாதையோடு கர்நாடக சங்கீதம் பயின்றார். அவ்விருவருள் கித்தார் ஆசிரியர் ஒருவருமில்லை. ஒருவர் வாய்ப்பாட்டுக்காரர், மற்றவர் பிடில் வித்வான். கித்தாருக்குரிய பாடத்தை யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பாடிக் கேட்டதையும் வில்லால் இழைத்துக் கேட்டதையும் ஆறு தந்திகளுக்கு மாற்றிக்கொள்ளும் பொறுப்பு முழுதும் மாணவரின் தலைமேல் விழுந்தது. அவருடைய இசையின் தனிச்சிறப்புக்கு இதுவே மூலகாரணம் என்பது என் துணிபு. கித்தாருக்கு எது எளிது என்று அவர் தேடவில்லை. குரலுக்கு எது உரியது என்று தேடினார்.

பொறியியல் பட்டத்தை வைத்துக்கொண்டு நல்ல ஊதியம் பெறக்கூடிய வாழ்வை விட்டு இசையையே தொழிலாக மேற்கொண்டு, பின்னர்ப் பெர்க்லியில் பயின்று சிறப்புத் தகுதியோடு பட்டம் பெற்றார். கர்நாடக சங்கீதத்தில் கச்சேரி செய்யும் நிலையை அடைந்த பிறகு மறுபடியும் மாணவராகச் சென்று மேனாட்டு இசையிலக்கணத்தை அடியிலிருந்து கற்றார் என்பதை இளைஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

தோடியின் காந்தாரம்

சற்று நுணுக்கமாகப் பார்ப்போம். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனியத்தில் அதற்குரிய கட்டையை அழுத்தினால் வரும் ஒலி காந்தாரந்தான். ஆனால் தோடியின் காந்தாரம் அன்று. தோடியில் அந்த ஸ்வரம் ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே அசைந்து, அந்த அசைவினாலேயே தன்னை உணர்த்துகிறது. இதைக் கித்தாரில் கொண்டுவர, காந்தாரத்துக்குரிய மெட்டில் விரலை வைத்து மீட்டினால் பயனில்லை. அதற்குக் கீழுள்ள மெட்டொன்றில் விரலை ஊன்றி, மீட்டிய தந்தியைக் கழுத்தின் குறுக்கே மத்திமத்தை நோக்கி இழுத்து, அது அடங்குமுன் தளர்த்தி, மீண்டும் இழுக்க வேண்டும். இழுப்பு ஒரு நூலிழை மிகுந்தால் சுருதி சேராது. குறைந்தால் ராகம் மாறும். வீணையில் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கும் மெட்டுக்களும் அகன்ற தண்டியும் அந்த இழுப்புக்கு இடம் கொடுக்கின்றன. கித்தாரின் குறுகிய கழுத்தில் பக்கத்துத் தந்தியின் மேல் விரல் மோதாமல் இதைச் செய்வது பெரும் பிரயாசை.

இந்தப் பிரயாசையைத் தணிக்க முற்பட்ட ஒரு மேனாட்டவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1942-இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் பிறந்து, 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் ஜாஸ்-ராக் குழுவால் உலகப் புகழ் பெற்ற ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். பின்னர் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவை அமைத்தபோது, மெட்டுக்களுக்கு இடைப்பட்ட மரத்தைக் குடைந்து பள்ளமாக்கிய கித்தார் ஒன்றைச் செய்வித்து, வீணையில்போல் தந்தியை ஆழ அழுத்தி ஸ்வரத்தை உயர்த்த வழி செய்துகொண்டார். 2024-இல் 'சக்தி' குழுவின் 'திஸ் மொமெண்ட்' கிராமி விருது பெற்றது. மெக்லாக்லின் ராக், ஜாஸ் உலகிலிருந்து நம்மை நோக்கி வந்தவர். பிரசன்னாவோ ஒரே காலத்தில் இரு புறத்திலும் வளர்ந்தவர். எனவே அவர் எந்தப் புறத்துக்கும் விருந்தாளியல்லர்.

கர்நாடக சங்கீத மேடையில் அவர் சம்மணமிட்டு, மின்கித்தாரை மடியில் தாங்கி, பக்கவாத்தியங்களோடு கச்சேரி செய்கிறார். ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்ற கிரமம் வழுவாத கச்சேரி அது. கித்தார் என்பதற்காக ராகத்தில் எந்தச் சலுகையும் அவர் கேட்பதில்லை; கீர்த்தனையின் அடியில் மேனாட்டு ஸ்வரக் கோவைகளைச் செருகிக் கைத்தட்டல் வாங்குவதும் அவர் வழக்கமன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த வாத்தியம் என்ற கேள்வி சில நிமிஷங்களில் மறந்து, ராகம் மாத்திரம் மிஞ்சும். ஒரு வாத்தியக்காரருக்கு இதைவிட வேறு நற்சான்று வேண்டுவதில்லை.

ஹெண்ட்ரிக்ஸுக்கு ஒரு காணிக்கை

2006-ஆம் ஆண்டில் பிரசன்னா வெளியிட்ட 'எலக்ட்ரிக் கணேசா லேண்ட்' அவருடைய ராக் இசை முயற்சிகளுள் முதன்மையானது. ஹெண்ட்ரிக்ஸுக்குச் செய்த காணிக்கை அது என்பதைத் தலைப்பே சொல்லிவிடும். அதில் ஒரு பாட்டுக்கு 'ஸ்ரீ ஜிமி' என்று பெயர். இன்னொன்றின் பெயரில் திருவல்லிக்கேணி வருகிறது. ஹெண்ட்ரிக்ஸின் பாடல்களை அப்படியே திருப்பி வாசித்துக் காட்டும் எளிய வழியை அவர் மேற்கொள்ளவில்லை. முடுக்கிய மின்கித்தாரின் கர்ஜனைக்குத் துணையாகத் தென்னாட்டுத் தாளவாத்தியங்களை அமர்த்தினார். ராக் இசைக்கு இன்றியமையாதது என்று கருதப்படும் உந்துவிசையை நம் லயக்காரர்களிடமிருந்தே பெறலாம் என்று அத்தொகுதி காட்டிற்று. இதே கை கச்சேரியில் எவ்வளவு அடக்கம் காட்டியதோ, இங்கே அவ்வளவு கட்டவிழ்ந்து ஓடுகிறது.

அவருடைய மற்றப் பணிகளை விரைந்து சொல்லிச் செல்கிறேன். இளையராஜா, ஏ.ஆர். ரஹ்மான் ஆகியோரின் இசைப்பதிவுகளில் வாசித்தார். உதட்டுப் பிளவோடு பிறந்த ஒரு சிறுமியைப் பற்றிய 'ஸ்மைல் பிங்கி' என்னும் ஆவணப்படத்துக்கு அவர் இசையமைத்தார். அப்படம் 2009-இல் ஆஸ்கார் விருது பெற்றது. 'ஜர்னி' என்னும் புகழ்பெற்ற ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞராக விளங்கிய ஸ்டீவ் ஸ்மித்தோடும், சாக்ஸபோன் கலைஞர் ஜார்ஜ் புரூக்ஸோடும் சேர்ந்து 'ராகா பாப் டிரையோ'வை அமைத்தார். அமெரிக்கத் தமிழரான பியானோ மேதை விஜய் ஐயரோடும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவோடும் அவர் உருவாக்கிய 'தீர்த்தா' 2011-இல் தொகுதியாக வெளிவந்தது. 2010-இல் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டித் தொடங்கிய ஸ்வர்ணபூமி இசைக் கழகத்துக்குத் தலைமை தாங்கி, நம் நாட்டு இளைஞர்கள் பாஸ்டனுக்குப் போகாமலே தற்கால இசையைப் பயிலும் வாய்ப்பை உண்டாக்கினார். இவை யாவற்றிலும் ஆசிரியப் பணியையே நான் மேலாக மதிக்கிறேன்.

இரு ஆட்சேபங்கள்

சம்பிரதாயத்தில் ஊறிய நண்பர் ஒருவர், ராக் வாசிக்கும் கை தோடியைக் கெடுத்துவிடாதா என்று கேட்பார். இரண்டையும் அரைகுறையாகக் கற்றவனுடைய கை நிச்சயம் கெடுக்கும். நம் நாட்டில் கலப்பிசை என்ற பெயரால் நடப்பவற்றுள் பல, நான்கு ஸ்வரக் கோவைகளின்மேல் மோகன ராகத்தின் ஆரோகண அவரோகணத்தை வேகமாக ஓடவிட்டு, இறுதியில் மிருதங்கத் தீர்மானம் ஒன்றை ஒட்டவைக்கும் வேலையாகவே இருக்கின்றன. பிரசன்னாவிடம் நான் காணும் சிறப்பு, எங்கே கலக்கக் கூடாது என்பதை அவர் அறிந்திருத்தல். இரு சங்கீதத்திலும் தனித்தனியே தேர்ந்தவனுக்கே அவற்றைக் கலக்கும் அதிகாரம் உண்டு என்பதை அவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார்.

ராக் மோகங்கொண்ட இளைஞரோ, அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் உண்டாக்கிய இசையில் தமிழனுக்கு என்ன வேலை, அவர்களைப் போலவே வாசித்தால் போதாதா என்று கேட்பார். அவர்களைப் போலவே வாசிப்பவர்கள் அவர்கள் நாட்டிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஹெண்ட்ரிக்ஸ் பெரியவரானது, தம் முன்னோரின் புளூஸ் பாட்டை மின்கித்தாரில் ஏற்றியதனால். நம் முன்னோரின் பாட்டு நம்மிடம் இருக்கிறது. மின்கித்தாரும் இப்பொழுது கைக்கு எட்டும் விலையில் கடைகளில் கிடைக்கிறது.

மலையாள நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் பலர். 1970-களின் பிற்பகுதியில் கொச்சியில் தோன்றிய 'தர்ட்டீன் ஏடி' குழு இந்நாட்டின் ராக் மேடைக்கு அடித்தளமிட்டது. ஏ.ஆர். ரஹ்மானின் இளமைக்கால நண்பர் குழுவில் கித்தார் வாசித்த ஜான் ஆண்டனி திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவர். கொச்சி 'மதர்ஜேன்' குழுவின் கித்தார் கலைஞராக விளங்கிய பைஜு தர்மஜன், 2008-இல் வந்த 'மக்தூப்' தொகுதியில் கர்நாடக சங்கீதப் பிரயோகங்களைக் கனத்த ராக் இசையின் நடுவே ஒலிக்கச் செய்து, நாடெங்கும் உள்ள கித்தார் மாணவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார். அவர் வழி வேறு, பிரசன்னாவின் வழி வேறு. பைஜு ராக்கின் வீட்டுக்குள் ராகத்தை அழைத்தவர். பிரசன்னா கித்தாரையே சங்கீத மேடையில் அமர்த்தியவர்.

முடிவுரை

மின்கித்தார் கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்ற வாத்தியமா என்ற விவாதம் முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். இனி நம் முன் நிற்பது கற்பிக்கும் பிரச்சினை. பிடிலுக்கும் வீணைக்கும் சரளிவரிசை முதல் பல்லவி வரை தலைமுறைகளாகத் திருந்திய பாடமுறை உண்டு. எந்த விரல், எந்த இழுப்பு, எந்தத் தந்தி என்று ஆசிரியர் சொல்லிக் கொடுக்கிறார். கித்தாருக்கோ, ஒவ்வொரு மாணவனும் பிரசன்னா பட்ட பாட்டை முதலிலிருந்து படவேண்டியிருக்கிறது. ஒருவர் தம் உழைப்பால் கண்டது ஊருக்கெல்லாம் பாடமாகும்போதுதான் அது சம்பிரதாயமாகும்.

ஆகவே இவ்வறக்கட்டளையின் அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம் செய்துகொண்டு அமர்கிறேன். ஆண்டுதோறும் சொற்பொழிவு நடத்துவதோடு நில்லாமல், கமகங்களுக்குரிய விரலமைப்பையும் சுருதி கூட்டும் முறையையும் படங்களோடு விளக்கும் கித்தார்ப் பாடநூல் ஒன்றைத் தமிழில், அத்துறையில் தேர்ந்த வித்வான்களைக் கொண்டு எழுதுவித்து, மலிவு விலையில் வெளியிடுங்கள். முதற் பிரதிகளை இம்மலையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து வாழும் தமிழ்ப் பெருமக்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுங்கள்.